கொடுக்க முடியாத புத்தகம்: அச்சா, மின்னூலா?

ஐந்து வருடம் மின்னூல்களாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது, மறுபடி எடுத்துப் படிப்பேன் என்று தோன்றும் எதையும் அச்சில்தான் வாங்குகிறேன்.

எடை, இடம், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, நொடியில் தேடிப் பிடிப்பது என எல்லாவற்றிலும் மின்னூல்தான் மேல். அதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காகித வாசனைக்காகவும் நான் மாறவில்லை.

தங்கைக்கு ஒரு புத்தகம் கொடுக்க நினைத்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பாதிப் பக்கங்களில் கோடு போட்டு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருந்த மின்னூல் அது. அதைக் கொடுக்க வழியே இல்லை. கடவுச்சொல்லைத் தரலாம் என்றால் விதிமுறை தடுத்தது. கடைசியில் அவள் வேறு பிரதி வாங்கிக்கொண்டாள். என் குறிப்புகள் என்னிடமே தங்கிவிட்டன.

அப்புறம்தான் விதிமுறைகளை முழுதாகப் படித்தேன். நாம் காசு கொடுப்பது படிக்கும் உரிமத்துக்கு மட்டும். அச்சுப் பிரதி அப்படியில்லை. ஒருமுறை விற்றபின் அது யார் கைக்கு, என்ன விலைக்குப் போகிறது என்பதில் பதிப்பகம் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908லேயே சொல்லிவிட்டது. மின்னூலுக்கு அந்தச் சுதந்திரம் வரவில்லை. படித்து முடித்த மின்னூலை மறுவிற்பனை செய்யப் பதிப்புரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலை குறைவு என்று மின்னூலை வாங்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அச்சுப் பிரதியைப் பழைய புத்தகக் கடையில் போட்டால் கொஞ்சமாவது திரும்பி வரும். மின்னூலில் போட்டது போட்டதுதான்.

கொடுக்க முடியாதது மட்டுமில்லை, பறிபோகவும் கூடும். 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து அழித்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எதுவும் அதற்குமேல் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். அந்தக் குறிப்புகளுக்கு 25 டாலர் எப்படி ஈடாகும் என்று எனக்குப் புரியவில்லை.

நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல், மின்னூலைக் கோப்பாகவே தரும் கடைகளும் உண்டு. அங்கே வாங்கியதை நாமே நகலெடுத்துப் பத்திரப்படுத்தலாம். அப்படி நான் வாங்கியது மூன்று நான்கு நூல்கள்தான் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். காகிதத்துக்கும் கரையான், ஈரம் என்று ஆபத்துகள் இருக்கின்றன. என் அலமாரியில் இரண்டு வரிசை அப்படிப் போயிருக்கிறது. ஆனாலும் கெட்டுப்போனது என் புத்தகம், காப்பாற்றத் தவறியது நான். அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

ஒரே முறை படித்துவிட்டு மறந்துவிடும் துப்பறியும் கதைக்கும், வருடத்துக்கு ஒரு பதிப்பு மாறும் கணினி நூலுக்கும் இன்னமும் மின்னூல்தான் வாங்குகிறேன். படிக்கும்போது பென்சிலைத் தேடுவேன் என்று தெரிந்தால், சரி, அச்சுக்குப் போய்விடுகிறேன்.