கிரகணப் பயண கிட்: கண்ணாடி சரி, மிச்சப் பெட்டி எதற்கு?

கண்ணாடி நல்ல கண்ணாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே திட்டப்போவது நிறைய இருக்கிறது.

2024 ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணத்துக்காக வாங்கியது இது. பெட்டி மேல் 'குடும்பப் பயண கிட்' என்று போட்டிருந்தது. உள்ளே நான்கு அட்டைக் கண்ணாடி, போன் கேமராவில் ஒட்ட ஒரு துண்டு ஃபில்டர், சன்ஸ்கிரீன் பாக்கெட் இரண்டு, முதலுதவிப் பை என்ற பெயரில் ஒரு சின்ன பவுச், அப்புறம் ஒரு துண்டுப் பிரசுரம். பிராண்ட் பெயர் எழுதவில்லை, இதே பெட்டி வேறு வேறு பெயரிலும் விற்பனைக்கு வருகிறது. போனது நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, ஏழு வயது மகள், அம்மா. வாடகைக் காரில் ஆறு மணி நேரப் பயணம்.

கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சடித்திருந்தது, சூரியனை நேரே பார்க்கும் ஃபில்டர்களுக்கான சர்வதேசத் தரம் அது. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அமெரிக்க வானியல் கழகம் நம்பகமான தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்கள் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது, தயாரிப்பாளர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். வந்ததும் வீட்டுக்குள் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, கும்மிருட்டு. ட்யூப் லைட்கூடத் தெரியவில்லை. போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் மங்கலாக ஒரு புள்ளி. இப்படித்தான் இருக்க வேண்டும். சாதாரண கூலிங் கிளாஸ் பத்து இருபது சதவீத வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். இந்தத் தரத்தில் உள்ள ஃபில்டர் 0.0032 சதவீதத்துக்கு மேல் விடக் கூடாது. நாற்காலியும் சுவரும் தெரிகிறது என்றால் அது கிரகணக் கண்ணாடியே இல்லை.

நான்கில் ஒன்றில் ஃபில்டர் மூலையில் அட்டையை விட்டுக் கழன்று, நூல் அளவு இடைவெளி இருந்தது. நூல்தானே என்று மனைவி சொன்னாள், நான் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. நான்கு பேருக்கு என்று விற்கிறவர்கள் உபரியாக ஒன்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஏன் இவ்வளவு பயம் என்றால், விழித்திரைக்கு வலி தெரியாது. சுடும்போது உறைக்காது, சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் நடுப் பார்வையில் ஒரு கரும்புள்ளி நிற்பது தெரியும். 2017 கிரகணத்தைச் சில நொடிகள் வெறுங்கண்ணால் பார்த்த ஒரு பெண்ணின் விழித்திரையை நியூயார்க் மருத்துவர்கள் படம் எடுத்தபோது, சேதம் பிறை வடிவத்தில் இருந்தது. அவர் பார்த்த சூரியன் அப்படியே அச்சாகியிருக்கிறது. அதைப் படித்த பிறகு நூல் அளவு இடைவெளியோடு சமாதானம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அளவு விஷயத்தில் இவர்கள் யாரையும் யோசிக்கவே இல்லை. அம்மா பவர் கண்ணாடி போடுகிறவர், அதன் மேல் இந்த அட்டையை மாட்டினால் நிமிர்ந்து பார்க்கிற நொடியில் வழுக்கிப் பின்னால் போகிறது. கையால் பிடித்துக்கொண்டேதான் பார்த்தார். மகளுக்கு நேர்மாறு, அவள் முகத்துக்கு இது ரொம்பப் பெரிசு, பக்கவாட்டில் வெயில் உள்ளே வருகிறது. கடைசியில் ஒரு காகிதத் தட்டில் துவாரம் வெட்டி, கண்ணாடியை அதில் டேப் போட்டு ஒட்டி முகமூடி மாதிரி ஆக்கினோம். பிரமாதமாக வேலை செய்தது. பக்கத்துக் குடும்பத்துப் பையன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

துண்டுப் பிரசுரத்துக்கு வருவோம். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். 'எந்த நேரத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒரே வரி. பகுதிக் கிரகணத்துக்கும் வளையக் கிரகணத்துக்கும் அது சரிதான், ஆரம்பம் முதல் கடைசிவரை கழற்றவே கூடாது. ஆனால் முழுக் கிரகணத்துக்கு என்று சொல்லித்தானே விற்கிறீர்கள்? சூரியன் முழுசாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும், கண்ணாடி வழியாக கரோனா, அதாவது மறைந்த சூரியனைச் சுற்றி ஒளிரும் வட்டம், தெரியவே தெரியாது. எங்களுக்கு இரண்டடி தள்ளி இருந்த பெரியவர், அதே கிட், அதே பிரசுரம், முழு மறைவு நேரம் பூராவும் கண்ணாடியோடு அண்ணாந்து நின்றுவிட்டு, "முடிஞ்சிடுச்சா? ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பிரசுரத்தில் இருக்க வேண்டியது இரண்டு வரி. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது கடைசிக் கீற்றும் அணைந்த பிறகு கழற்றுங்கள். மறுபக்க விளிம்பு பளிச்சென்று எட்டிப் பார்த்ததும் திரும்ப மாட்டுங்கள். கூடவே, நீங்கள் நிற்கும் இடம் முழு மறைவுப் பாதைக்குள் இல்லை என்றால் இது எதுவுமே பொருந்தாது என்றும். 99 சதவீதம் மறைந்திருந்தாலும் மிச்சம் இருக்கும் ஒரு சதவீதம் கண்ணைப் பொசுக்கப் போதும்.

போன் ஃபில்டர் பத்து நிமிடத்தில் பசை விட்டு விழுந்துவிட்டது, போகட்டும். பிரசுரத்தில் பைனாகுலர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதைச் சொல்லாமல் விட முடியாது. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் மேலே பைனாகுலரைத் தூக்கிய ஒருவரை நாங்கள் கத்தித்தான் நிறுத்தினோம். பைனாகுலர், டெலிஸ்கோப், கேமரா எல்லாமே வெயிலைக் குவிப்பவை, அந்தச் சூடு கண்ணாடியின் ஃபில்டரை ஓட்டை போட்டுவிட்டுக் கண்ணுக்குள் போகும். ஃபில்டர் வேண்டியது முன்பக்க லென்ஸ் மேல், காற்றடித்தாலும் கழலாத மாதிரி.

முதலுதவிப் பவுச்சில் பிளாஸ்திரி, பஞ்சு, ஒரு குட்டிக் கத்தரி. கிரகணம் பார்க்கப் போன இடத்தில் யாருக்கும் வெட்டுக்காயம் படவில்லை. என்ன ஆயிற்று என்றால், இடம் பிடிக்கக் காலையிலேயே போய்த் திறந்த மைதானத்தில் உட்கார்ந்துவிட்டோம். தற்காலிகக் கழிப்பறை முன்னால் அனுமார் வால் மாதிரி வரிசை. அதைப் பார்த்துவிட்டு அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார், எங்களிடம் சொல்லவும் இல்லை. மத்தியானம் தலைவலி, கிறுகிறுப்பு. மர நிழலில் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, தெளிய முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் வைத்திருக்கலாம் இல்லையா? பிளாஸ்திரிக்குப் பதிலாக.

சன்ஸ்கிரீன் இரண்டு பாக்கெட்டும் ஒருமுறை பூசுவதற்கே நான்கு பேருக்குப் பற்றவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டியது அது. நிலா சூரியனைத் தொட்டதிலிருந்து முழுசாக மூடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதிக்கு மேல் மறைந்ததும் இதமாக இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்றினேன், அதற்குள் பட்ட வெயில் இரவில் பிடரியில் எரிந்தது. முழு மறைவு நெருங்க நெருங்கக் குளிர் இறங்கிவிட்டது, மகள் நடுங்கினாள், ஸ்வெட்டர் காரில். ஓடிப்போய் எடுத்து வர எனக்கு மனம் இல்லை, என் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டு பனியனோடு நின்றுதான் கரோனாவைப் பார்த்தேன்.

திரும்பும் வழியைப் பற்றிப் பிரசுரம் வாயே திறக்கவில்லை. 2017 கிரகணத்தை ஒட்டிய மூன்று நாளில் அமெரிக்காவில் உயிர்ப்பலி விபத்துகள் 31 சதவீதம் கூடியிருந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. வருகிறபோது ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்தவர்கள், முடிந்ததும் ஒரே நேரத்தில் வண்டியை எடுக்கிறார்கள். எல்லோருக்கும் களைப்பு, எல்லோருக்கும் அவசரம். போன் சிக்னல் செத்துவிட்டது, மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். ஆறு மணி நேரப் பயணம் பதினொன்று ஆனது. நடுவில் எனக்குக் கண் சொருகியது, வண்டியை ஓரங்கட்டி மனைவி கையில் கொடுத்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை அன்றைய பகலுக்கு மட்டும் எடுத்து வந்திருந்தோம், ராத்திரி வேளை தவறிப்போனது. அது எங்கள் தப்பு, கிட் மேல் பழி போட மாட்டேன்.

கண்ணாடிக்கு ஐந்துக்கு நாலரை, பிரசுரத்துக்கு சைபர், மற்றவற்றுக்கு ஒன்று. கிட்டாக வாங்காதீர்கள். கண்ணாடியை மட்டும், ஆளுக்கு ஒன்றும் உபரியாக ஒன்றும் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்குத் தண்ணீரும் தொப்பியும் ஓஆர்எஸ்ஸும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2026 ஆகஸ்ட் 12 கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சர் அருகே முழு மறைவே 6 நிமிடத்துக்கு மேல், ஆனால் ஆகஸ்ட் மாத லக்சர் வெயிலில் 40 டிகிரி சர்வசாதாரணம். அம்மா இப்போதே போகலாம் என்கிறார், இந்த முறை வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, தண்ணீர் குடிப்பேன் என்று. கீறல் இல்லாத பழைய கண்ணாடிகளை ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் தூக்கிப் போடு என்று சில கண்ணாடிகளில் போட்டிருப்பது பழைய அறிவுரை, இந்தத் தரத்தில் இருந்து, ஃபில்டரில் கீறலோ ஓட்டையோ பிரிசலோ இல்லாமல் இருந்தால் திரும்பப் பயன்படுத்தலாம். காகிதத் தட்டு முகமூடியை மட்டும் மகள் யாருக்கும் தர மறுக்கிறாள்.