தண்டுவட அழுத்தத்துக்கான அவசரக் கதிர்வீச்சுச் சேவை: ஒரு மதிப்பீடு

புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியபோது, என் தந்தையாரை ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் சேர்த்தோம். படுத்தால் கூடும், இருமினால் சுளீரென்று இழுக்கும் முதுகுவலியை மூன்று வாரம் தசைப்பிடிப்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கால்கள் தளர்ந்த பிறகே விழித்துக்கொண்டோம். அந்தத் தாமதத்தில் மருத்துவமனைக்குப் பங்கில்லை.

இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் இடத்தை முதலில் அதன் வேகத்தை வைத்தே எடைபோட வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால்கள் முற்றிலும் செயலிழந்த பிறகு வருபவர்களில் மீண்டு நடப்பவர்கள் மிகச் சிலரே. அந்த வகையில் இவர்கள்மீது குறை சொல்ல இடமில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சேர்ந்தவருக்கு மாலைக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அழுத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கக்கூடும் என்பதால், வலித்த பகுதியோடு நிறுத்தாமல் கழுத்து முதல் இடுப்பு வரை முழு முதுகெலும்பையும் படமெடுத்தது சரியான முடிவு. வீக்கத்தைக் குறைக்க நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும், அதனுடன் வயிற்றுப்புண் வராமல் காக்கும் மாத்திரையும் அன்றே தொடங்கின. எலும்பின் உறுதி தெரியும்வரை அவரைத் தனியாக எழவிடாமல், செவிலியர் நால்வர் சேர்ந்து உடலை ஒரே கட்டையாகப் புரட்டிய பக்குவத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

அறுவை சிகிச்சை ஏன் இல்லை என்று கேட்டேன். தகுதியுள்ள நோயாளிகளுக்கு அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தால், கதிர்வீச்சு மட்டும் பெறுவதைவிட அதிகம் பேர் நடக்கிறார்கள் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதையும், ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தவர்களையே அந்த ஆய்வு சேர்த்துக்கொண்டதையும், தந்தையாருக்குப் பல முள்ளெலும்புகளில் நோய் இருப்பதையும் மருத்துவர் படத்தைக் காட்டியே விளக்கினார். ஐந்து தவணைகளில் மொத்தம் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. ஆயுட்காலம் குறைவாக எதிர்பார்க்கப்படுவோருக்கு 8 கிரே ஒரே தவணையாகக் கொடுக்கும் முறையும் உண்டு என்பதை அவராகவே சொன்னார். மறைக்காமல் பேசும் மருத்துவர் கிடைப்பதே பாதி ஆறுதல்.

குறைகள் எல்லாம் அதன் பிறகு வந்தவை. முதல் தவணை முடிந்த இரவில் வலி கூடியது. இது சிலருக்குத் தற்காலிகமாக நேரும் என்பதை முன்பே சொல்லியிருந்தால், நோய் முற்றிவிட்டதோ என்று விடியும்வரை பதறியிருக்க மாட்டோம். ஸ்டீராய்டால் இரத்தச் சர்க்கரை ஏறியதை மூன்றாம் நாளில்தான் கவனித்தார்கள். நடைப்பயிற்சியாளர் வீடு திரும்பும் நாளில் பத்து நிமிடம் மட்டுமே வந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, படிப்படியாகக் குறைக்க வேண்டிய டெக்ஸாமெத்தசோனின் அட்டவணை வீடு திரும்பும் குறிப்பில் இல்லாதது. இரண்டு முறை தொலைபேசியில் கேட்ட பிறகே அது கிடைத்தது.

இதே நிலையில் உள்ளவர்களை அங்கே போகச் சொல்வேன். அந்த அட்டவணையை எழுத்தில் வாங்காமல் மட்டும் படியிறங்க வேண்டாம். தந்தையார் இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்தபடி, துணையில்லாமல் கழிவறைக்குப் போய்வருகிறார்.