ஆம்ப் ஒன்று, பெட்டி நான்கு: எதை எதில் சொருகுவது?

டிவி, அதன் முதுகில் ஃபயர் ஸ்டிக், கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ், இன்னும் ஓடுகிற டிவிடி பிளேயர், மேஜைக் கம்ப்யூட்டர். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), அதிலும் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் மட்டும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் கடைக்கு ஒரு வழி சொல்வார்கள். வடிகட்டிப் பார்த்தால் நான்குதான் தேறும்: எல்லாவற்றையும் டிவியில் சொருகி, டிவியின் ஆப்டிகலிலிருந்து (டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் சாக்கெட்) ஒரு சின்ன டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்புக்குப் புரியும் ஆர்சிஏ ஒலியாக்கும் டப்பா), மூன்று உள்ளீடுள்ள ஆப்டிகல் ஸ்விட்ச் பெட்டியும் அதன் பின்னால் ஒரு டாக்கும், பல உள்ளீடுள்ள பெரிய டாக், ஆம்பையே தூக்கிவிட்டு ஏவி ரிசீவர் (எச்டிஎம்ஐ சாக்கெட்டும் ஆம்பும் சேர்ந்த பெட்டி).

என் ஓட்டு இரண்டாவதற்கு. காரணம் ஒலித்தரம் இல்லை, 'ம்ம்ம்' என்கிற இரைச்சல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏவி ரிசீவரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 5.1 ஸ்பீக்கர் வைக்கப் போகிறவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ ஒயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருப்பதால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்; வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் இரண்டு ஸ்பீக்கரும் நல்ல பழைய ஆம்பும் ஏற்கெனவே இருக்கும்போது அது தண்டச் செலவு.

டிவியை மட்டும் நம்பும் முதல் வழிதான் மலிவு. ஆப்டிகலை வாங்கி ஆர்சிஏ தரும் டப்பா ஒன்று, ஒரு ஆப்டிகல் ஒயர், ஒரு ஆர்சிஏ ஒயர், வேலை முடிந்தது. பாட்டு கேட்கவும் டிவி எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஒரு குறை. 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்பட்டது என்ற கணக்கு) சிடியைப் பெரும்பாலான டிவிகள் 48 ஆக மாற்றித்தான் வெளியே அனுப்பும் என்பது இன்னொன்று. காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆப்டிகலில் டிவி ரிமோட்டின் வால்யூம் பொதுவாக வேலை செய்யாது, ஆம்பின் குமிழைத்தான் திருக வேண்டும். இந்தக் கடைசிக் குறை ஸ்விட்ச் பெட்டிக்கும் உண்டு.

இப்போது இரைச்சல். கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் உள்ள பெருக்கிப் பெட்டிவரை போகிறது. அங்குள்ள எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றல்ல. கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் வித்தியாசம் இன்னும் கூடும். செட்டாப் பாக்ஸ் ஒயரின் திருகைக் கழற்றும்போது விரலில் சுரீர் என்று இழுத்தால், அந்த வித்தியாசம் உங்கள் கை வழியாகப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஆர்சிஏ ஒயரில் செட்டாப் பாக்ஸை ஆம்போடு இணைத்தால் அதே மின்னோட்டம் ஒயரின் தரைக்கம்பி வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸ் உறுமலாக ஸ்பீக்கரில் கேட்கும். ஆப்டிகல் ஒயரில் செம்பு கிடையாது; பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளி மட்டும் போகிறது. இரண்டு எர்த்தையும் கோக்கும் கம்பி வளையம் அங்கேயே அறுந்துவிடும்.

ஆனால் எங்காவது ஒரு செம்புக் கம்பி மிஞ்சினாலும் போச்சு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். டிவியிலிருந்து ஆப்டிகல் போட்டாயிற்று, டிவிடி பிளேயரில் கோஆக்சியல்தான் (டிஜிட்டல் ஒலியைச் செம்பில் அனுப்பும் சாக்கெட்) இருக்கிறது என்று அதை நேராக டாக்கில் கொடுத்தால்: கேபிள் ஒயர், செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி, மறுபடி எச்டிஎம்ஐ, டிவிடி பிளேயர், கோஆக்சியல், டாக், ஆம்ப். சங்கிலி முழுசாக மூடிவிட்டது, உறுமலும் திரும்பி வந்துவிட்டது. பெரிய டாக் எனக்கு இரண்டாம்பட்சமாகத் தெரிவதும் இதனால்தான். அவற்றில் பெரும்பாலும் ஆப்டிகல் ஒன்று, கோஆக்சியல் ஒன்று, யுஎஸ்பி ஒன்று என்றுதான் இருக்கும். மூன்றில் இரண்டு செம்பு. கம்ப்யூட்டரை யுஎஸ்பியில் கொடுத்தால் மூன்று பின் எர்த்தும் கூடவே வந்து சேரும். ரிமோட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையான உயர்தர ஒலி எல்லாம் அதில் கிடைக்கும், மறுக்கவில்லை. மேஜையில் கம்ப்யூட்டர் மட்டும் வைத்துக் கேட்பவருக்கு அதுவே சரி.

ஸ்விட்ச் பெட்டியில் மூன்று உள்ளீடும் ஆப்டிகல். டிவி ஒன்றில், ஃபயர் ஸ்டிக்கும் செட்டாப் பாக்ஸும் எச்டிஎம்ஐயில் டிவிக்குள் போய் அதே வழியாக வந்துவிடும். கம்ப்யூட்டர் இரண்டாவதில், மேஜைக் கம்ப்யூட்டர் சிலவற்றின் மதர்போர்டில் ஆப்டிகல் சாக்கெட் உண்டு. டிவிடி பிளேயர் மூன்றாவதில். கோஆக்சியல் மட்டும் இருந்தால் நடுவில் கோஆக்சியலை ஆப்டிகலாக்கும் சின்ன டப்பா ஒன்று. இவை எல்லாமே சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன.

டாக்குக்கு மின்சாரம் எங்கிருந்து என்பதில் கவனம். டிவியின் யுஎஸ்பியில் சொருகிவிடுவது வசதி, ஆனால் அந்த யுஎஸ்பி ஒயரின் தரைக்கம்பி டிவியையும் ஆம்பையும் மறுபடி கோத்துவிடும். ஆப்டிகல் போட்டதற்கே அர்த்தமில்லை. தனியாக இரண்டு பின் 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். மலிவான மொபைல் சார்ஜர் சிலது 'கீ' என்ற மெல்லிய சத்தத்தைக் கலக்கும், வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

இணைத்ததும் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்டை பிசிஎம் (சுருக்காத சாதா ஒலி) என்று வையுங்கள். மலிவு டாக்குகளுக்கு டால்பி (சுருக்கி அனுப்பும் சினிமா ஒலி) புரியாது. மௌனமாக இருக்கும், அல்லது கரகரவென்று கத்தும். சினிமா சேனலில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். டாக்கின் ஆர்சிஏ ஒயரை ஆம்பில் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய சாக்கெட்டில் கொடுங்கள். ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோவில் கொடுத்தால் பாஸ் உப்பி, எல்லாம் சிதறிக் கேட்கும்.

இதற்குப் பின்னும் உறுமினால் ஆம்பை ஆக்ஸில் வைத்து எல்லா ஒயரையும் பிடுங்குங்கள். அப்போதும் உறுமல் இருந்தால் ஆம்பின் மின்தேக்கி பழசாகியிருக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வாருங்கள். எதைச் சொருகும்போது தொடங்குகிறதோ அந்தப் பெட்டிதான். கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றால் குற்றவாளி தெருவில் இருக்கிறான். உறுமலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். சத்தம் நிற்கும்தான், நாளைக்குப் பெட்டியின் உடலில் கரண்ட் ஏறினால் ஃபியூஸ் போகாது, தொட்டவர்தான் போவார்.

ஸ்விட்ச் பெட்டிக்கும் குறை இருக்கிறது. உள்ளீடு மாற்றும்போது டாக் மறுபடி பிடிபட ஒரு நொடி மௌனம் வரும். கரண்ட் போய் வந்தால் சில மாடல்கள் முதல் உள்ளீட்டுக்கே திரும்பிவிடும். அதனால் டிவியை ஒன்றாம் எண்ணில் வையுங்கள். இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் மின்வெட்டின்போது வரும் 'ஜிர்ர்' இந்த ஏற்பாட்டில் போகாது, அது ஆம்பின் மின்வழியிலேயே நுழைகிறது.

திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: உப்புக் காற்றில் ஆர்சிஏ சாக்கெட் கருத்துப்போய் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். ஆப்டிகல் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. மிச்சம் உள்ள ஒரே ஒரு ஆர்சிஏ ஜோடியை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அவ்வப்போது துடைத்தால் போதும். ஆப்டிகல் ஒயரைச் சுவர் மூலையில் மடித்து நசுக்காதீர்கள், 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புது ஒயரின் இரு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகிவிட்டு, பெட்டியில் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் ஏராளம்.