160-இல் தொடங்கி 400-இல் நின்றேன்: நெடுஞ்சாலைக்கு ஒரு பெரிய ஸ்கூட்டர்

கியர் வண்டியை விட்டதற்குக் காரணம் என் இடது மணிக்கட்டு. நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் அன்று இரவு தூக்கம் போச்சு. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதிவேகச் சாலையில் போயே ஆக வேண்டும். அதனால் ஸ்கூட்டர், அதுவும் அந்தச் சாலையில் ஏறினால் யாரும் கை காட்டி நிறுத்தாத ஸ்கூட்டர் என்று தேட ஆரம்பித்தேன். நாலு மாதம் அலைந்து கடைசியில் பழைய சுசுகி பர்க்மன் 400 ஒன்றை வாங்கினேன், ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் 125 சிசியைத் தாண்டியிருந்தால்தான் அதிவேகச் சாலையில் ஏறலாம், ஹோண்டா பிசிஎக்ஸ் ஸ்கூட்டர் அங்கே ஒரே உடம்பில் 125 என்றும் 160 என்றும் இரண்டாக விற்பனைக்கு வருவதைப் பார்த்தாலே அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். கலிபோர்னியாவில் கோடு 150 சிசி. தென்கொரியாவில் எத்தனை சிசி இருந்தாலும் சாதாரண ஆட்கள் இருசக்கர வண்டியோடு அதிவேகச் சாலைக்குள் நுழைய முடியாது, இந்தியாவிலும் சில விரைவுச் சாலைகளில் அப்படித்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது: பக்கவாட்டில் 150 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும் பல வண்டிகளின் உண்மையான கொள்ளளவு 149 சொச்சம். கோடு 150-இல் இருக்கும் இடத்தில் அந்த அரை சிசி உங்களை வெளியே நிறுத்திவிடும். ஸ்டிக்கரை நம்பாமல் பதிவுச் சான்றில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நானும் முதலில் அந்தக் கோட்டை மட்டும்தான் பார்த்தேன். 160 சிசி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் போனேன். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. தொண்ணூறு வரை சமர்த்தாகப் போனது, அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மேடு, கொஞ்சம் எதிர்க்காற்று, அவ்வளவுதான், முள் இறங்க ஆரம்பிக்கும். பின்னால் லாரி வந்து முட்டுவதுபோல் நிற்கும்போது முறுக்குவதற்குக் கையில் மிச்சமே இல்லை. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும், அதாவது 80-இல் போவதைவிட 110-இல் காற்றுக்கு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு சிசியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, 110-இல் போகும்போது இன்னும் எவ்வளவு முறுக்கு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்து யமஹா எக்ஸ்மேக்ஸ் 300. 292 சிசி, சுமார் 28 குதிரைத்திறன், எடை 180 கிலோ பக்கம். உண்மையைச் சொன்னால் பாதிப் பேருக்கு இதுவே போதும். 110-இல் அலட்டிக்கொள்ளாமல் போகிறது, முந்துவதற்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது, முன்சக்கரம் 15 அங்குலம், பின்சக்கரம் 14. இந்தச் சக்கர அளவை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் நூறுக்கு மேல் போகும்போது பாலத்தின் இணைப்பு இடைவெளியில் ஏறி இறங்கினால் அதன் அருமை தெரியும். வெஸ்பா ஜிடிஎஸ் 300 எனக்கு அழகில் ரொம்பப் பிடிக்கும், எஞ்சினிலும் தெம்பு இருக்கிறது, 12 அங்குலச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டேன். எக்ஸ்மேக்ஸை விட்டதற்குக் காரணம் என் உயரம். அதன் இருக்கை 795 மில்லிமீட்டர், அகலமும் கூட, எனக்குக் கால் நுனிதான் தரையைத் தொடுகிறது. உயரமானவர்கள் இந்தப் பத்தியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

யமஹாவின் பெரிய ஸ்கூட்டரான டிமேக்ஸ் 560-ஐ நண்பர் ஒருவர் ஒரு மணி நேரம் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. சாதாரண ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே கட்டாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும், பள்ளத்தில் விழுந்தால் அந்த மொத்தக் கனமும் முதுகில் வந்து குத்தும். டிமேக்ஸில் 2001-இல் முதல் வண்டி வந்த நாளிலிருந்தே எஞ்சின் சட்டகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் மட்டும் ஆடுகிறது. வளைவில் சாய்க்கும்போது இது ஸ்கூட்டர் என்பதே மறந்துபோகிறது. சுமார் 47 குதிரைத்திறன், நடுத்தரச் சக்தியுள்ள வண்டிகளுக்கு ஐரோப்பாவில் கொடுக்கும் ஏ2 ஓட்டுநர் உரிமத்தின் எல்லையான 35 கிலோவாட்டில் கச்சிதமாக நிற்கிறது. ஆனால் விலையும் பராமரிப்பும் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, எனக்குக் கட்டுப்படியாகாது. பேட்டரியில் ஓடும் பிஎம்டபிள்யூ சிஇ 04-ஐயும் ஒரு கண் பார்த்தேன், ஒரு சார்ஜுக்கு நிறுவனம் சொல்வதே 130 கி.மீ. பக்கம்தான். என் பாதையில் போய்த் திரும்ப அது போதாது.

அப்புறம் பர்க்மன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், 125-இலிருந்து 650 வரை பர்க்மன் என்ற பெயரில் வந்திருக்கிறது. 650 இரட்டை சிலிண்டர், ராஜ வாகனம்தான், ஆனால் எடை 275 கிலோ பக்கம், அதைத் தள்ளி நிறுத்த எனக்குத் தெம்பில்லை. நான் வாங்கியது 2017-க்குப் பிறகு வந்த 400. இருக்கை 755 மி.மீ., இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறது. டிக்கி 42 லிட்டர், டேங்க் 13.5 லிட்டர். 110-இல் முறுக்கு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, எனக்கு வேண்டியது அதுதான். முன்கண்ணாடி நெஞ்சுக்கு வரும் காற்றை முழுக்கத் தடுக்கிறது, ஹெல்மெட்டின் உச்சியில் மட்டும் ஒரு இரைச்சல், காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் சரி. மைலேஜ் லிட்டருக்கு 24, 25 கிடைக்கிறது.

குறை இல்லாமலா? காலை முன்னால் நீட்டிச் சோபாவில் சாய்ந்த மாதிரி உட்கார்வது முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். ஆனால் பள்ளம் வந்தால் பைக்கில்போலக் கால் ஊன்றி எழுந்துகொள்ள முடியாது, அடி நேராக வால் எலும்பில் இறங்கும். நடுவில் திமில் மாதிரி ஒரு மேடு இருப்பதால், சின்ன ஸ்கூட்டர்போலக் காலடியில் மூட்டை வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எடை 215 கிலோவுக்குக் குறையாது. ஓடும்போது அது தெரியாது, நிறுத்தத்தில் தெரியும்.

பழசு வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட். எனக்கு விற்றவர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்றார், நானும் தலையாட்டினேன். மூன்றாவது மாதம், மூன்றாவது தடத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பட்டென்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இருந்த வேகத்திலேயே உருட்டி ஓரம் சேர்ந்தது தாய் தந்தை செய்த புண்ணியம். கழற்றிப் பார்த்தால் உள்ளே பெல்ட் நார்நாராகச் சுற்றிக்கிடந்தது, அதை மாற்றி நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். இந்த வகைப் பெரிய ஸ்கூட்டர்களில் இருபதாயிரம் கி.மீ. சுற்றி பெல்ட்டை மாற்றிவிட வேண்டும், சரியான கணக்கு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். ரசீது காட்டவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பெல்ட் ஓடும் கப்பிக்குள் இருக்கும் சின்ன உருளைகளான ரோலர்களையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது, எப்படியும் அதே மூடியைத்தான் கழற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேரை ஏற்றினால் எந்த வண்டியின் குணமும் மாறும். அப்புறம் லேசான சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து, தனியாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் பொதுவாக ரிவர்ஸ் கிடையாது. நான் இதைச் செய்யாமல் வாங்கினேன், இன்றும் சரிவான பார்க்கிங்கைக் கண்டால் ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடம் தேடுகிறேன்.