துவைக்கும் கவுனா, தூக்கி எறியும் கவுனா?

கொரோனாவின்போது எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பச்சைத் துணிகளை மூட்டை கட்டிவிட்டு, ஒருமுறை போட்டு எறியும் நீலக் கவுன்களுக்கு மாறினோம். தொற்று அடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை. ஒரு குடலிறக்க அறுவை முடிந்தாலே மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை நிரம்பிவிடும். ரத்தம் பட்ட பஞ்சு அதில் ஒரு கைப்பிடிதான்; மீதியெல்லாம் கவுனும் விரிப்பும். அத்தனையும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், போய்ச் சேரும் இடம் எரிஉலை. போன ஆண்டு துணிக்கே திரும்பினோம்.

நீலக் கவுனின் வசதி தெரிந்ததுதான்: பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது, ஈரமும் ஊறாது.

துணிக்குத் தண்ணீர், மின்சாரம், சோப்பு எல்லாம் செலவாகின்றன. ஆனால் நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் கவுன் ஐம்பது, அறுபது சலவைக்குத் தாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்றே சொல்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் கரியமில வாயுக் கணக்கு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் சுமார் 130. கவுன் முதல் கருவி வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது பராமரிப்பு. சலவையிலிருந்து வரும் ஒவ்வொரு விரிப்பையும் அடியில் விளக்கு எரியும் மேசைமேல் பரப்பிப் பார்க்கிறோம். கிளிப் குத்திய கடுகளவு ஓட்டை அப்போதுதான் கண்ணில் படும். அதைத் தைக்கக் கூடாது. ஊசி ஏறிய இடமெல்லாம் புது ஓட்டை. சூட்டில் ஒட்டும் ஒட்டுத்துணிதான் சரி. அடுத்தது ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கலன். முதல் மாதம் டிரம்மில் துணியை அமுக்கி அடைத்தோம். 121 டிகிரியில் முப்பது நிமிடம் ஓடியது, சூடு பட்டால் நிறம் மாறும், வெளியே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடும் விழுந்தது. திறந்தால் நடுவில் துணி ஈரம்; ஈரத் துணியைக் கிருமி நீங்கியதாக நம்ப முடியாது. எல்லாவற்றையும் மறுபடி போட்டோம். மிச்சம் பிடிக்கப் போய் மின்சாரம் இரட்டிப்பானது. இப்போது உள்ளங்கை நுழையும் அளவு இடம் விட்டே அடுக்குகிறோம்.

பழைய பருத்தித் துணியை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நனைந்தால் கிருமிக்கு வழி விட்டுவிடும். பனிக்குட நீர் கொட்டும் சிசேரியனுக்கு எங்களிடம் இன்றும் நீலம்தான். மூட்டு மாற்று அறுவை நாங்கள் செய்வதில்லை, அதனால் அங்கே எது சரி என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

சலவைக்காரர் ஞாயிறு விடுப்பு எடுத்தால், திங்கள் காலை நீலக் கவுன் பெட்டியைத்தான் திறக்கிறோம்.