கூரைச் சூட்டைத் தடுக்க அலுமினிய ஃபொயிலா, கிளாஸ் வூலா?

கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் வெயிலை மிகுதியாக வாங்குவது சுவர்களல்ல, கூரைதான். கல்நார் சீற்றோ உலோகத் தகடோ போட்ட வீட்டில், சூடேறிய கூரையின் அடிப்பக்கம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே சீலிங்கிற்கு வெப்பத்தை அனுப்புகிறது. சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால், கீழ்நோக்கி வரும் வெப்பத்தில் அதன் பங்கு சிறியது. பழைய சோனகத் தெருவில் விலை விசாரிக்கப் போகுமுன் மனதில் இருத்த வேண்டியது இதுவே.

அலுமினிய ஃபொயில், வெறுந்தாளாயினும் நடுவே குமிழ்ப் பொலித்தீன் வைத்து ஒட்டியதாயினும், தன் மீது விழும் வெப்பக் கதிர்வீச்சில் 95 சதவீதமளவைத் திருப்பி அனுப்பும். தானே சூடேறினாலும் மிகச் சொற்பமாகவே வெப்பத்தை உமிழும். ஆனால் பளபளப்பான பக்கத்திற்கு எதிரே 25 மில்லிமீற்றரளவு காற்றிடைவெளி இருந்தால் மட்டுமே இந்தக் குணம் வேலை செய்யும். சீற்றுக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே இறுக்கி வைத்தால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகத் தாள்தான். ஒரு பக்கம் மட்டுமே பளபளப்பான ஃபொயிலாயின், அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருப்பதே நல்லது. வெயில் மேலிருந்துதானே வருகிறது என்று கூரை பாஸ் வாதிடக்கூடும். மேற்பக்கத்தில் நாளடைவில் தூசி படிந்து பளபளப்பு மங்கிவிடும். கீழ்ப்பக்கமோ சுத்தமாகவே இருந்து, சீலிங்கை நோக்கி வெப்பத்தை உமிழாமல் அடக்கிக்கொள்ளும்.

கண்ணாடி நார்ப் பஞ்சான கிளாஸ் வூல் வேறு வழியில் செயற்படுகிறது. நார்களுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே அதன் தடுப்பு என்பதால், வெப்பம் எத்திசையில் போனாலும் அது ஒரே அளவில் தடுக்கும். பகலில் இது நன்மைதான். குளிரூட்டி இல்லாத வீட்டிலோ, சமையலாலும் ஆட்களாலும் சுவர்களில் தேங்கிய சூட்டாலும் உண்டான வெப்பம் இரவில் மேலே வெளியேறுவதையும் அது தாமதப்படுத்தும். மேலெழும் காற்று வெப்பத்தைச் சுமந்து செல்வதால், ஃபொயில் இரவில் அந்த அளவுக்கு மறிப்பதில்லை. ஆகவே மின்விசிறியை நம்பி வாழும் வீட்டிற்கு ஃபொயிலே பொருத்தம். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அறைக்கு 50 மில்லிமீற்றர் வூலும் அதன் மேல் ஃபொயிலும் சேர்ந்தால் செலவுக்குப் பலனுண்டு.

அந்த ஃபொயில் வூலுக்கு மேலேதான் இருக்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் ஈரத்தடுப்பு விரிப்பை அறைப் பக்கமாக வைக்கச் சொல்வது, அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போவதால். கொழும்பில் ஈரமான வெளிக்காற்றுத்தான் குளிர்ந்த சீலிங்கை நாடி வந்து நீராக ஒடுங்குகிறது. நனைந்த வூல் வெப்பத்தைத் தடுக்காது. சீலிங்கின் மேல் பாரமாகக் கிடந்து பூஞ்சணத்தையும் வளர்க்கும். ஒழுக்கை அடைக்காத கூரையின் கீழ் வூல் விரிப்பது வீண் செலவு. எலித் தொல்லையுள்ள வீட்டுக்காரரும் அதைத் தவிர்ப்பது நல்லது. ரெஜிபோம் என்ற வெண்ணிற நுரைப் பலகை மலிவானதுதான், ஆயினும் எளிதில் தீப்பற்றும் ஒரு பொருளை மின்கம்பிகள் ஓடும் இடத்தில் அடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஃபொயிலுக்கும் ஓர் ஆபத்து உண்டு: அது மின்சாரத்தைக் கடத்தும். அவுஸ்திரேலிய அரசின் வீட்டு வெப்பக்காப்புத் திட்டத்தில் 2009-10 காலத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் ஃபொயில் பொருத்தும்போது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். பழைய வயரிங் உள்ள வீட்டில் முதலில் மின்னியலாளரைக் கொண்டு கம்பிகளைப் பரிசோதித்து, வேலை முடியும்வரை பிரதான சுவிட்சை அணைத்து வைப்பது கட்டாயம். கைமரங்களுக்குக் கீழே ஃபொயிலை இழுத்துக் கட்டும்போது விளிம்புகள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். முகட்டிலும் இறவாரத்திலும் சூடான காற்று வெளியேற வழி விட வேண்டும். கல்நார் சீற்றாயின் அதில் துளையிடுவதோ, உலர்ந்த தூசியைக் கூட்டுவதோ கூடாது.

வெள்ளவத்தை மாடிவீடுகளின் தட்டைக் கொங்கிறீற்றுக் கூரைக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. அங்கே சூட்டைக் கொங்கிறீற்று உறிஞ்சுமுன்பே தடுக்க வேண்டியிருப்பதால், மேற்பரப்பில் வெண்ணிறப் பூச்சோ நிழற்கூரையோ அமைப்பதுதான் முதல் வேலை.