முழு உரையா, குறிப்புச் சீட்டா?

முழு உரையையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுவதில் ஒரு நிம்மதி உண்டு: 10 நிமிடம் என்றால் 10 நிமிடத்தில் முடியும், புள்ளிவிவரம் பிசகாது. ஆனால் கண் தாளை விட்டு எழாது. நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் விட்ட வரி கிடைக்காது. அந்த இரண்டு விநாடித் தடுமாற்றத்தில் பின்வரிசைக்காரர் கைபேசியை எடுத்துவிடுவார்.

குறிப்புச் சீட்டில் ஐந்தாறு சொற்கள்தான். வாக்கியத்தை அங்கேயே கோக்க வேண்டியிருப்பதால் பேச்சு உயிரோடு வரும். முகங்கள் சுருங்கினால் உதாரணத்தை மாற்றலாம். தொல்லை நேரம்தான், கிளைக்கதை இழுத்துக்கொண்டே போகும். நின்றபடி, வாய்விட்டு, கடிகாரம் வைத்து ஒத்திகை பார்க்காதவர் இதைத் தொடவே வேண்டாம்.

என் தேர்வு சீட்டுதான். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் முழுதாக எழுதிக்கொள்வேன். சீட்டுகளுக்கு மறக்காமல் எண் போடுவேன். ஒருமுறை கைதவறி அத்தனையும் தரையில் சிதறின.